கிலோவுக்கு இத்தனை

தேவகோட்டை ராம்நகரில்
அடைக்கலம் ஐஸ் கம்பெனி ஷட்டருக்குள்
நான் குனிந்து நுழைந்தபோது மெஷின் நின்றது.
கரண்ட் போயிருச்சு மேடம் என்றார் அடைக்கலம்.
தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

சேமியா ஐஸ், பால் ஐஸ், ஆரஞ்சு,
போன வருஷம் இல்லாத ஒரு பச்சை.
சர்க்கரை மூட்டை சுவரோரம்
தைத்த வாய் தைத்தபடி,
பெண் பார்க்க வந்த இடத்தில்
பேசாமல் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை.
அதன் முதுகுக்குப் பின்னால் அந்த வெள்ளை டப்பா.
உப்பைவிட நைசு.
ஒரு சின்னக் கரண்டி போதும்
ஒரு வாளித் தண்ணீர் இனிக்க.

விதிப்படி நான்கு பங்கு, நான்கு ஜாடி.
இருளாண்டி மெழுகுவத்தி கொளுத்தினான்.
அரக்கு உருகுவதற்குள்
ஐஸ் உருகி முடித்திருந்தது.
சாட்சிக் கையெழுத்துப் போட
பக்கத்து சைக்கிள் கடைக்காரர் வந்தார்,
வாயில் ஆரஞ்சு ஐஸோடு.

'சாக்கரின் விஷமா மேடம்?
விஷம்னா சொல்லுங்க,
இன்னைக்கே சாக்கடையில கொட்டிர்றேன்.'
விஷம் இல்லை என்றேன்.
'அப்ப நல்லது.'
அப்படியும் என்னிடம் எழுத்து இல்லை.
முன்னொரு காலத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்,
மூத்திரப்பையில் கட்டி வந்தது.
எலியின் மூத்திரம் வேறு, மனுஷ மூத்திரம் வேறு என்று
பிறகு கண்டுபிடித்தார்கள்.
நடுவில் ஏறக்குறைய இருபது வருஷம்.
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
எலி பாவம் என்றார் அடைக்கலம்.

அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் என்று தொடங்கி
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
சட்டமும் அதையேதான் சொல்கிறது.
என்ன, பழமொழியை எங்கள் ஆட்கள்
உடம்பு எடையால் வகுத்துவிட்டார்கள்:
ஒரு நாளைக்கு, ஒரு கிலோவுக்கு
இத்தனை மில்லிகிராம்.

நான் எழுபத்தொரு கிலோ.
என் கைப்பையிலும் ஒரு டப்பா இருக்கிறது,
தலையை அழுத்தினால் ஒன்றே ஒன்று துப்பும்.
காலைக் காபிக்கு இரண்டு,
போகிற ஊர் டீக்கு இரண்டு.
அதன் முதுகில் எல்லாம் எழுதியிருக்கிறது,
எறும்புக் கால் எழுத்தில்.
கண்ணாடி போட்டு ஒருமுறை படித்தேன்.
'குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.'
மறுபடி படிக்கவில்லை.

இருப்பதை எழுதாமல் விற்பது குற்றம் என்றேன்.
'குச்சியில எங்க மேடம் எழுதுறது?'

வெளியே ஏப்ரல். செம்மண் காற்று.
முந்தாநாள் சரக்கோடு கிளம்பியிருந்த வண்டியை
பள்ளிக்கூடத்து வாசலில் மொய்த்திருந்தார்கள்.
ஒருத்தி மட்டும் இரண்டு கையிலும் ஐஸ்,
நாக்கு முழுக்கப் பச்சை,
பாவாடை இடுப்பில் ஊக்கு.
பார்வையாலேயே நிறுத்தேன்:
பையைக் கழற்றினால் பதினேழு கிலோ.
பதினேழு பெருக்கல் இத்தனை.
வகுத்தல், ஒரு ஐஸில் எத்தனை?
அது மதுரையிலிருந்து வரவேண்டும்.
பதினாலு நாள்.
அதற்குள் பள்ளிக்கூடம் லீவு விட்டிருக்கும்.

இனிப்பா இருக்கா என்றேன்.
அவள் உடனே பதில் சொல்லவில்லை.
வலது கையை ஒரு நக்கு,
இடது கையை ஒரு நக்கு.
'மொதல்ல இனிக்கும்.
கடைசியில லேசா கசக்கும்.
அதுக்குள்ள அடுத்ததைக் கடிச்சிரணும்.'

ஜீப்பில் நான்கு ஜாடியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.
இருளாண்டி சேமியா ஐஸ் தின்றுகொண்டிருந்தான்.
காசு குடுத்துத்தான் வாங்கினேன் மேடம் என்றான்
நான் கேட்காமலே.

காரைக்குடி எல்லையில் டீக்கு நிறுத்தினோம்.
கை பைக்குள் போய்
பழக்கத்தில் இரண்டு அழுத்தியது.
கசப்பு வருகிறவரை குடித்துப் பார்ப்பது என்று
மெதுவாகத்தான் குடித்தேன்.
பேச்சுக்கு நடுவே
எப்போது முடித்தேனோ,
கிளாஸ் காலியாக இருந்தது.